பத்து நிமிடம்

ஒஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
ஏழு மணி ட்ராம் எங்களை
ஆஸ்பத்திரி வாசலில் உதிர்த்துவிட்டுப் போகிறது.
இந்த ஊர்க் காற்று எப்போதும்
யாரோ சுவாசித்துவிட்டுத் திருப்பித் தந்ததுபோல் இருக்கும்.

என் வேலை சீவுவது.
மெழுகுக் கட்டிக்குள் உறையும் சதையை
நாலு மைக்ரான் கனத்தில்.
வெங்காயத் தோலுக்கே வெட்கம் வரும் என்பாள் இவோனா.
வெந்நீரில் மிதக்கவிட்டு
கண்ணாடித் தகட்டில் ஏந்தி
சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும்.
அப்புறம் சாயம்.

இன்று இரண்டு கட்டிகள், ஒரே பெயரில்.
ஒன்று நாலு வருடம் முந்தைய சிறுநீரகம்.
மற்றது போன வாரத்து நுரையீரல் முடிச்சு.
வ்லாஸ்திமில் கலுஜா, எழுபத்து மூன்று.
தொழில் என்ற கட்டத்தில்
பேனாவை அழுத்தி எழுதியிருந்தது:
சுரங்க மீட்புப் படை.

நல்ல செல்லுக்குள் ஒரு காவல் புரதம் உண்டு.
காற்று இருக்கும்வரை
'மூச்சு முட்டுகிறது' என்ற கடிதத்தை
எழுத எழுதக் கிழித்துப்போடுவது அதன் உத்தியோகம்.
இந்த நோயில் காவல்காரன் காணாமல் போகிறான்.
கடிதங்கள் குவிகின்றன.
சுற்றிலும் ரத்தம் ஆறாய் ஓட
மூச்சில்லை மூச்சில்லை என்று கத்துகிறது செல்.
புதுக் குழாய்கள் கேட்கிறது,
கிடைக்கின்றன.
சுவரெங்கும் ஒரு நொதியைப் பூசிக்கொள்கிறது.
கார்போனிக் அன்ஹைட்ரேஸ், வரிசையில் ஒன்பதாவது.
நல்ல சிறுநீரகத்தில் அதன் வாடைகூட இராது.

அந்தப் பொய்யைத்தான்
நான் பழுப்பாக்கிக் காட்டுகிறேன்.

பழைய தகட்டில் அது
செல்லுக்குச் செல் வரப்பு கட்டியிருந்தது.
உள்ளே ஒன்றுமில்லாத வெளுப்பு,
சுற்றிலும் அடர்ந்த பழுப்பு.
புதியதில் வரப்புகள் அறுந்து
முக்கால்வாசி நீலம்,
பின்னணிக்கென்று நாங்கள் ஊற்றுகிற வெறும் நீலம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
கத்தல் குறைந்தால் நோய் தணிந்தது என்று நினைத்திருக்கிறேன்.
டாக்டர் ஹர்பாச்சோவா அப்போது
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:
'கத்துகிற கட்டியோடு பேசிப் பார்க்கலாம்.
பரவின பிறகு அடங்கிப்போனதைத்தான் நான் நம்ப மாட்டேன்.'

என் கைத்தவறாகவும் இருக்கலாம்.
அதற்குத்தான் ஒவ்வொரு முறையும் பக்கத்தில்
யாரோ ஒருவரின் இரைப்பைத் துண்டு சாட்சிக்கு உட்காரும்.
பழுப்பேற வேண்டிய திசு. பெயர் தெரியாது.
மூன்று வருடமாகப் பொய் சொன்னதில்லை.
இன்றும் அது பழுப்பு.

பதினோரு மணிக்கு போன்.
எப்படியோ எங்கள் எண்ணைப் பிடித்திருந்தார்.
குரலுக்கு நடுவே அடிக்கடி நின்று
மூச்சை ஏற்றிக்கொண்டார்.

'தொந்தரவுக்கு மன்னிக்கணும். நிறம் மட்டும் சொல்லுங்கள்.
சாயம் போட்டுப் பார்ப்பார்கள் என்று படித்தேன்.
நாங்களும் அப்படித்தான். திரியைத் தணித்து
விளக்கைக் கூரைப்பக்கம் மெல்ல உயர்த்துவோம்.
சுடரின் தலையில் நீலக் குல்லாய் தெரிந்தால் மீத்தேன்.
அத்தனை பேரையும் திருப்பி அழைத்துவிடுவேன்.
ஒருமுறை அழைக்கவில்லை. அது வேறு கதை.
உங்கள் விளக்கில் என்ன நிறம்?'

தகடு என் முன்னால்தான் இருந்தது.

டாக்டர் சொல்வார் என்றேன்.

சிரிப்பா இருமலா தெரியவில்லை.
'சுடர் ஒருநாளும் என்னை டாக்டரிடம் அனுப்பியதில்லை, அம்மணி.'
நன்றி சொல்லி அவரே வைத்துவிட்டார்.

கட்டியை மறுபடி கத்திக்குப் பொருத்தினேன்.
கேட்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
இன்னொரு சீவல்.
பழுப்பு ஊறப் பத்து நிமிடம் என்பது விதி.
பதினொன்று விட்டேன்.
இவோனா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கையுறையைக் கழற்றிக்கொண்டு காபிக்குப் போனாள்.

இரைப்பை இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது.
நீலம் அப்படியே.